டிஸ்ட்ரோபின் புரதத்தில் பாதி இல்லாமலும் ஒருவரால் நடக்க முடிவது எப்படி?

கயல்விழி எழுதியது:

வணக்கம். நான் உயிர்வேதியியலில் முதுகலை படித்து வருகிறேன். உயிரணுச் சட்டகப் புரதங்கள் பற்றிய பாடத்தில் ஆக்டின், டியூபுலின், கெராட்டின் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, டிஸ்ட்ரோபினுக்கு ஒரே ஒரு பத்தியைக் கொடுத்திருக்கிறார்கள். தசை உயிரணுவின் சவ்வுக்கு அடியில் இருக்கும் புரதம், இது இல்லாவிட்டால் டுஷேன் தசைச் சிதைவு நோய் வரும் என்பதோடு அந்தப் பத்தி முடிந்துவிடுகிறது.

மேற்கொண்டு தேடிப் படித்தபோது இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. 1990-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், டிஸ்ட்ரோபின் மரபணுவின் 17 முதல் 48 வரையிலான எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் மரபணுத் துண்டுகள்) அத்தனையும், அதாவது புரதத்தைக் கட்டுவதற்கான குறிப்பில் 46 விழுக்காடு, அழிந்துபோன ஒருவர் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் 50-ஆம் எக்ஸான் ஒன்று மட்டும், வெறும் 109 டி.என்.ஏ. எழுத்துகள், இல்லாமல் பிறக்கும் சிறுவன் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலியை நாட வேண்டியிருக்கிறது. இழப்பு பெரிதாக இருக்கும்போது நோய் மென்மையாகவும், இழப்பு சிறிதாக இருக்கும்போது நோய் கடுமையாகவும் இருப்பது எப்படி? இந்தப் புரதத்தின் நடுப்பகுதிக்கு வேலையே இல்லை என்று கொள்ளலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


புரதவலை எழுதியது:

கயல்விழி, இந்தப் புரதத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை. விடை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, புரதம் உயிரணுவில் எங்கே நிற்கிறது என்பது. மற்றொன்று, மரபணுவின் எழுத்துக் கணக்கு. முதலாவதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது எளிதாகிவிடும்.

தசையிழை சுருங்கும்போது அதனுள்ளே மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. இப்படிப் பிறக்கும் விசை, இழையின் இரண்டு முனைகளிலும் உள்ள தசைநாண்களுக்குப் போவதோடு, பக்கவாட்டில் சவ்வைக் கடந்து வெளியே உள்ள இணைப்புத் திசுவுக்கும் போகிறது. சவ்வோ கொழுப்பு மூலக்கூறுகளாலான இரண்டு மெல்லிய அடுக்குகள். இழுவையைத் தாங்கும் வலு அதற்குத் தானாகக் கிடையாது. ஆகவே, உள்ளே இருக்கும் சட்டகத்தையும் வெளியே இழையைச் சுற்றியுள்ள அடித்தளப் படலத்தையும் சவ்வின் ஊடாகப் பிணைத்து வைக்கும் ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாட்டின் உட்புறக் கண்ணிதான் டிஸ்ட்ரோபின். 3685 அமினோ அமிலங்களும் 427 கிலோடால்டன் எடையும் கொண்ட இந்த நீண்ட புரதம், சவ்வைத் துளைத்து வெளியே செல்வதில்லை. சவ்வின் உட்பரப்பை ஒட்டியே கிடக்கிறது.

அதன் தொடக்க முனை ஆக்டினைப் பற்றுகிறது. அதற்கடுத்து, ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தில் காணப்படுவதைப் போன்ற மடிப்புகள் 24 வரிசையாக வருகின்றன; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 110 அமினோ அமிலங்கள் கொண்டது, இடையிடையே வளைந்து கொடுக்கும் நான்கு கீல் பகுதிகளும் உண்டு. இதைத்தான் தண்டுப் பகுதி என்கிறோம். தண்டு முடிந்ததும் சிஸ்டீன் மிகுந்த ஒரு பகுதி வருகிறது. அது சவ்வைக் கடந்து நிற்கும் பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கான் என்ற புரதத்தின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. பீட்டா டிஸ்ட்ரோகிளைக்கான் தனக்கு வெளியே உள்ள ஆல்பா டிஸ்ட்ரோகிளைக்கானைப் பிடிக்கிறது. ஆல்பாவின் சர்க்கரைச் சங்கிலிகள் அடித்தளப் படலத்தின் லாமினின் என்ற புரதத்தைப் பிடிக்கின்றன. ஆக்டினில் தொடங்கி லாமினினில் முடியும் இந்தத் தொடரில் ஒரு கண்ணி விட்டாலும் பிணைப்பு போய்விடும்.

இரு முனைகளிலும் கொக்கி கோத்த கயிறு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து மீண்டும் முடிந்துவிட்டால் கயிறு குட்டையாகும், ஆனாலும் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு இழுவையைத் தாங்கும். ஒரு கொக்கியே இல்லாவிட்டால் கயிறு எவ்வளவு நீளமாக இருந்தும் பயனில்லை. நீங்கள் குறிப்பிட்ட 61 வயதுக்காரரிடம் இருந்தது முதல் வகை.

இனி எழுத்துக் கணக்கு. மரபணுவின் எழுத்துகளை உயிரணு மும்மூன்றாகவே படிக்கிறது. அழிந்த பகுதியின் நீளம் மூன்றால் மீதியின்றி வகுபட்டால், அழிவுக்கு அப்பாலும் மும்மூன்றான வரிசை பிறழாமல் தொடரும். புரதம் குட்டையானாலும் கடைசி முனைவரை கட்டப்பட்டுவிடும். 17 முதல் 48 வரையிலான எக்ஸான்கள் அழிந்தபோது நடந்தது அதுதான். 50-ஆம் எக்ஸானின் 109 எழுத்துகளை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஓர் எழுத்துப் பிறழ்ச்சியால் 51-ஆம் எக்ஸான் முதல் ஒவ்வொரு மூன்றெழுத்தும் வேறாகப் படிக்கப்பட்டு, சிறிது தூரத்திலேயே ‘இங்கே நிறுத்து’ என்னும் குறி வந்துவிடுகிறது. சிஸ்டீன் மிகுந்த பகுதி கட்டப்படுவதே இல்லை. அரைகுறையாக உருவாகும் துண்டையும், பிழைபட்ட தூது ஆர்.என்.ஏ.வையும் உயிரணு பெரும்பாலும் அழித்துவிடுகிறது. எனவே அந்தச் சிறுவனின் தசையில் இருப்பது சற்றே குறைபட்ட டிஸ்ட்ரோபின் அன்று. டிஸ்ட்ரோபினே இல்லை என்று சொல்லும் நிலை.

வரிசை பிறழ்ந்தால் டுஷேன், பிறழாவிட்டால் அதைவிட மென்மையான பெக்கர் என்ற இந்த விதியை 1988-இல் முன்வைத்தார்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது நோயாளிகளுக்கு இது பொருந்துகிறது. விலக்குகளும் உண்டு. 3 முதல் 7 வரையிலான எக்ஸான்கள் அழியும்போது வரிசை பிறழ்கிறது. ஆயினும் சிலருக்கு மென்மையான நோயே வருகிறது.


இளம்பரிதி எழுதியது:

விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஐயங்கள். கொக்கிகள்தாம் எல்லாம் என்றால், 24 மடிப்புகள் கொண்ட இத்தனை நீளமான தண்டு எதற்கு? இந்த மரபணு ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து நீளமுள்ளது, மனித மரபணுக்களிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்று, ஒருமுறை படியெடுக்கவே 16 மணி நேரம் ஆகிறது என்று படித்திருக்கிறேன். தேவையற்ற ஒன்றுக்கு உயிரணு இத்தனை உழைப்பைச் செலவிடுமா? இரண்டாவது, வரிசை பிறழாத அழிவு உள்ளவர்களுக்குள்ளும் சிலர் முதுமைவரை நடக்கிறார்கள், சிலர் இருபதுகளிலேயே முடங்கிவிடுகிறார்கள். கொக்கிகள் இரண்டும் எல்லோருக்கும் இருக்கும்போது இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?


புரதவலை எழுதியது:

இளம்பரிதி, நல்ல மறுப்பு. மரபணுவின் நீளத்தைப் பற்றி முதலில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். அந்த 22 லட்சம் எழுத்துகளில் 99 விழுக்காட்டுக்கு மேல், படியெடுத்தபின் வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான்களே. 79 எக்ஸான்களும் ஒன்றிணைந்த தூது ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 14,000 எழுத்துகள் கொண்டது. அதில் புரதமாக மாறுபவை 11,000 எழுத்துகள். 16 மணி நேரத்தில் பெரும்பகுதி இன்ட்ரான்களைக் கடப்பதில்தான் போகிறது. ஆகவே மரபணுவின் நீளத்தை வைத்துத் தண்டின் தேவையை முடிவு செய்ய முடியாது.

தண்டுக்கு வேலை உண்டு என்பதில் ஐயமில்லை. 11 முதல் 17 வரையிலான மடிப்புகளில் ஆக்டினைப் பற்றும் இன்னொரு பரப்பு இருக்கிறது. பின்பகுதி மடிப்புகள் உயிரணுச் சட்டகத்தின் நுண்குழல்களோடும் இணைகின்றன. 16, 17 ஆகிய மடிப்புகளில்தான் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி சவ்வோடு பிணைக்கப்படுகிறது. இது சிறிய செய்தியன்று. உழைக்கும் தசையில் இரத்த நாளங்கள் சுருங்கிவிடாமல் காப்பதில் அந்த நைட்ரிக் ஆக்சைடுக்குப் பங்குண்டு. நொதி சவ்வை விட்டு விலகிவிட்டால், தசைக்கு இரத்தம் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் போதுமான இரத்தம் வராது. ஆக, டிஸ்ட்ரோபின் விசையைத் தாங்குவதோடு, இரத்த ஓட்டத்தைத் தசையின் தேவைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் குறிகை ஒன்றையும் உரிய இடத்தில் நிறுத்தி வைக்கிறது. இதைச் சட்டகப் புரதம் என்று மட்டும் வகைப்படுத்திவிட்டுப் பாடநூல்கள் நகர்ந்துவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை, வெட்டு எந்த இடத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு மடிப்பும் மூன்று சுருள்கள் ஒன்றையொன்று தழுவி உருவாவது. இரண்டு மடிப்புகளின் மிச்சங்கள் சேர்ந்து முழுமையான புதிய மடிப்பு ஒன்றாக அமையும்படி வெட்டு விழுந்தால் தண்டு நிலையாக இருக்கும். பொருந்தாத சுருள்கள் ஒட்டி நின்றால் அந்த இடம் தளர்ந்து, புரதம் விரைவில் சிதையும். அதனால்தான் 45 முதல் 55 வரை 11 எக்ஸான்களை இழந்தவர்களுக்கு, 45 முதல் 47 வரை மூன்று எக்ஸான்களை மட்டும் இழந்தவர்களைவிடப் பல நேரங்களில் நோய் மென்மையாக இருக்கிறது. இரண்டிலும் எழுத்து வரிசை பிறழவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே வேளையில், சிஸ்டீன் மிகுந்த பகுதியை அழிக்கும் வெட்டு, எழுத்து வரிசையைச் சிறிதும் பிறழ்த்தாவிட்டாலும் டுஷேனுக்கு நிகரான கடும் நோயைத் தருகிறது. நடுவில் எவ்வளவு போனது என்பதைக் காட்டிலும் எது போனது, எப்படி ஒட்டியது என்பதே முடிவு செய்கிறது.


நுண்ணோக்கி எழுதியது:

நான் திசு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறேன். எழுத்தில் விளக்கியவற்றைத் தசைத் துண்டில் எப்படிக் காண்கிறோம் என்று சொன்னால் கயல்விழிக்கு உதவும் என நினைக்கிறேன்.

தசையிலிருந்து எடுத்த சிறு துண்டை உறைய வைத்துக் குறுக்காகச் சீவி, டிஸ்ட்ரோபினோடு ஒட்டும் எதிர்ப்பொருளையும் ஒளிரும் சாயத்தையும் இட்டுப் பார்ப்போம். நலமான தசையில் ஒவ்வோர் இழையின் விளிம்பிலும் இடைவெளியில்லாத மெல்லிய ஒளிக்கோடு ஓடும். இழைகளின் உட்பகுதி இருண்டிருக்கும். தசையின் மொத்தப் புரதத்தில் டிஸ்ட்ரோபின் 0.002 விழுக்காடு மட்டுமே என்று 1987-இல், அதாவது ஹாஃப்மேன், பிரவுன், குன்கெல் ஆகியோர் இதைக் கண்டறிந்த ஆண்டிலேயே, கணக்கிட்டார்கள். அவ்வளவு சொற்பமான புரதம் இத்தனை தெளிவான கோடாகத் தெரிவதற்குக் காரணம், அது முழுவதும் சவ்வோரத்தில் குவிந்திருப்பதுதான்.

டுஷேன் சிறுவனின் துண்டில் அந்தக் கோடு இருக்காது. இழைகளின் அளவும் ஒரே சீராக இராமல், ஊதிப் பெருத்தவையும் மெலிந்து சுருங்கியவையும் அடுத்தடுத்துக் கிடக்கும். இடையில் நார்த்திசுவும் கொழுப்பும் புகுந்திருக்கும். பெக்கர் நோயில் கோடு வெளிறியும் அங்கங்கே விட்டு விட்டும் தெரியும். குறையுள்ள மரபணுவை ஓர் எக்ஸ் குரோமோசோமில் தாங்கியிருக்கும் பெண்களான கடத்திகளில் நோய்க்குறி உள்ளவர்களிடம் கோடுள்ள இழையும் கோடற்ற இழையும் கலந்து காணப்படும். பெண்ணின் ஒவ்வோர் உட்கருவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மட்டுமே இயங்குவதால் இப்படி ஆகிறது.

ஒன்றை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். டுஷேன் சிறுவர்கள் பலரின் துண்டில், இருண்ட நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவே அரிதாக ஓர் இழை மட்டும் விளிம்பு முழுவதும் ஒளிர்ந்து நிற்கும். அந்த இழையில் உயிரணு தானாகவே இன்னோர் எக்ஸானையும் தாண்டிச் சென்று எழுத்து வரிசையைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. இன்றைய மருந்துகளில் ஒரு வகைக்கு, உடல் தானே காட்டிய இந்த வழி ஒரு முன்மாதிரி.


பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயிரியல் படித்தவன் அல்லன். எங்கள் அக்காவின் மகனுக்கு ஏழு வயதில் டுஷேன் என்று கண்டறிந்திருக்கிறார்கள். தரையிலிருந்து எழும்போது முதலில் நான்கு காலில் நிற்பதுபோல் கைகளை ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கை வைத்து உடம்பை நிமிர்த்துவான். கெண்டைக்கால் பருத்திருந்ததைப் பார்த்து, பையனுக்கு நல்ல திடமான கால் என்றே நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம். அதற்கு முன் ஒரு காய்ச்சலின்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் கூடியிருப்பதாகச் சொல்லி, ஒரு மருத்துவமனையில் பல மாதங்கள் கல்லீரலுக்கே மருந்து கொடுத்தார்கள்.

எங்கள் அக்கா எங்கள் தாய்மாமனைத்தான் மணந்தார். சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று உறவினர் எல்லோரும் சொல்கிறார்கள். மாமா அதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிறார். எனக்கு ஒரு தங்கையும் இருக்கிறாள், அடுத்த தை மாதம் அவளுக்குத் திருமணம். அவளுக்கு என்ன செய்ய வேண்டும்? இவ்வளவு நுட்பமாகப் பேசுகிறவர்கள் எனக்கும் ஒரு விளக்கம் தர வேண்டுகிறேன்.


புரதவலை எழுதியது:

பொருநை ஐயா, உங்கள் மாமாவிடம் இன்றே சொல்லுங்கள், அவருடைய மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தை தருவது ஒய். தந்தை தாய்மாமனாக இருந்தாலும், முன்பின் அறியாத ஊர்க்காரராக இருந்தாலும் அந்தச் சிறுவனுக்கு டுஷேன் வருவதற்கான வாய்ப்பில் எந்த மாற்றமும் இல்லை. மாமாவிடம் இந்தக் குறைபாடு இருந்திருந்தால் அவரே நோயாளியாக இருந்திருப்பார்.

உறவுமுறைத் திருமணத்தால் வாய்ப்பு கூடும் தசைநோய்களும் இருக்கின்றன. டிஸ்ட்ரோபினோடு சேர்ந்து நிற்கும் சார்கோகிளைக்கான் என்ற புரதங்களில் குறை நேர்ந்தால் இடுப்பு, தோள் தசைகள் நலிகின்றன. பார்வைக்கு டுஷேனைப் போலவே இருக்கும். அவற்றின் மரபணுக்கள் எக்ஸில் இல்லை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள படி வந்தால்தான் நோய் வரும். எனவே அறிகுறியை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாமல் மரபணுப் பரிசோதனையில் உறுதி செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். எம்.எல்.பி.ஏ. என்ற சோதனை எக்ஸான்களின் அழிவையும் இரட்டிப்பையும் காட்டும். அதில் தெரியாவிட்டால் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அந்த அறிக்கையில் எக்ஸான் எண்கள் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை பற்றிய எல்லா முடிவுகளுக்கும் அதுவே அடிப்படை.

தங்கை பற்றிக் கேட்டீர்கள். மூன்றில் ஒரு பங்கு சிறுவர்களுக்குக் குறை புதிதாகவே தோன்றுகிறது, தாயிடம் இருப்பதில்லை. எனவே முதலில் அக்காவுக்குப் பரிசோதனை செய்யுங்கள். அக்கா கடத்தி என்று தெரிந்தால், உங்கள் அம்மாவும் கடத்தியாக இருக்கக்கூடும். அப்படியானால் தங்கை கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பாதி. தங்கைக்கு அதே எக்ஸான்களைக் குறிவைத்துச் சோதித்தால் விடை தெரிந்துவிடும். இதைத் திருமணத்துக்கு முன்போ பின்போ செய்யலாம்; கருவுறுவதற்கு முன் செய்வது முக்கியம். அக்காவின் இரத்தத்தில் குறை இல்லை என்று வந்தாலும், கருமுட்டைகளில் சிலவற்றில் மட்டும் அது இருக்கக்கூடும் என்பதால், அடுத்த கர்ப்பத்தின்போது மரபியல் ஆலோசகரைப் பார்ப்பதே நல்லது. கடத்திகளாக இருக்கும் பெண்களுக்கு இதயத் தசை பிற்காலத்தில் பலவீனமடையலாம். அவர்களும் இடைவெளி விட்டு இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

நீங்கள் ஆணாக இருந்து நலமாகவும் இருப்பதால் உங்களிடம் இந்தக் குறை இல்லை.


நுண்ணோக்கி எழுதியது:

கல்லீரல் நொதி பற்றி நான் சொல்கிறேன். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ஆகிய இரண்டும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உள்ளன. சவ்வு கிழியும் தசையிழைகளிலிருந்து அவை இரத்தத்தில் கசிகின்றன. நடப்பதில் சிரமப்படும் சிறுவனுக்கு இந்த நொதிகள் கூடியிருந்து, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜி.ஜி.டி. என்ற நொதி இயல்பாக இருந்தால், உடனே கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவைப் பார்க்க வேண்டும். டுஷேனில் அது இயல்பைப்போல் பத்து மடங்குக்கு மேல், பெரும்பாலும் அதைவிட மிகப் பல மடங்கு இருக்கும். செலவு குறைந்த, எளிய பரிசோதனை இது. இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் காலம் கடந்துபோகும் குழந்தைகள் இன்றும் எங்கள் கூடத்துக்கு வருகிறார்கள் என்பதை வேதனையோடு பதிவு செய்கிறேன்.


கயல்விழி எழுதியது:

பொருநை ஐயா, உங்கள் குடும்பத்துக்கு என் அன்பு. என் கேள்வி இத்தனை நெருக்கமான ஓரிடத்தைத் தொடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது மற்றொன்று புரியவில்லை. புரதம் பிறப்பிலிருந்தே இல்லையென்றால், நோய் மூன்று முதல் ஐந்து வயதுவரை வெளியே தெரியாமல் இருப்பது ஏன்? அதுவரை தசையை எது காக்கிறது?


புரதவலை எழுதியது:

காக்கப்படுவதில்லை, கயல்விழி. சேதம் முதல் நாளிலிருந்தே நடந்துகொண்டிருக்கிறது. பிறந்த குழந்தையின் இரத்தத்திலேயே கிரியேட்டின் கைனேஸ் கூடியிருக்கும். சேதத்தைச் சரிசெய்யும் வேகம் சில ஆண்டுகளுக்கு அதை ஈடுகட்டுகிறது என்பதே உண்மை.

தசை சுருங்கியபடியே நீட்டப்படும்போதுதான் சவ்வின்மேல் இழுவை மிகுதி. மாடிப்படியில் இறங்கும்போது தொடைத் தசை அப்படித்தான் வேலை செய்கிறது. டிஸ்ட்ரோபின் இல்லாத எம்.டி.எக்ஸ். எலிகளின் தசையை இவ்வாறு நீட்டிச் சுருக்கிய ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. நலமான எலிகளின் தசையைவிட இவற்றில் சவ்வு கிழிந்த இழைகள் மிக அதிகமாக இருந்தன. கிழிசல் வழியே கால்சியம் உள்ளே புகுகிறது. கால்பெயின் என்ற நொதி அதனால் தூண்டப்பட்டு இழையின் புரதங்களை அரிக்கிறது, மைட்டோகாண்ட்ரியா நிலைகுலைகிறது, அழற்சி உயிரணுக்கள் வந்து சேர்கின்றன, இழை மடிகிறது.

மடிந்த இழையை மீண்டும் கட்டுபவை தசையோரத்தில் உறங்கிக் கிடக்கும் துணை உயிரணுக்கள். குழந்தைப் பருவத்தில் இவை சுறுசுறுப்பாக இருப்பதால் கணக்கு ஓரளவு சரியாகிவிடுகிறது. நாளடைவில் மீள்கட்டுமானம் பின்தங்க, நார்த்திசுவும் கொழுப்பும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. பொருநை ஐயா திடமான கால் என்று எண்ணிய கெண்டைக்காலின் பருமனில் ஒரு பங்கு அதுதான். 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதில் இன்னொரு செய்தியைச் சேர்த்தது: துணை உயிரணுக்களே டிஸ்ட்ரோபினைத் தயாரிக்கின்றன, அவை சரியான திசையில் சமச்சீரற்ற முறையில் பிரிவதற்கு அது தேவைப்படுகிறது. அது இல்லாதபோது பழுதுபார்க்கும் பணியே தொடக்கத்திலிருந்து குறைபட்டிருக்கிறது. இழுவையைத் தாங்குவது மட்டுமே இப்புரதத்தின் வேலை என்று நினைத்திருந்த காலம் அதோடு முடிந்தது என்பேன்.

கருவில் இருக்கும்போது சவ்வோரம் முழுவதும் யுட்ரோபின் என்ற உறவுப் புரதம் இருக்கிறது. 6-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு அதைத் தருகிறது. பிறந்தபின் அது பெரும்பாலும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. அதை மீண்டும் சவ்வெங்கும் வரவழைக்க முடியுமா என்று நெடுங்காலமாக முயல்கிறார்கள். எலிகளில் முடிந்தது, மனிதர்களில் இதுவரை பயன் தரவில்லை.

தசைக்கு வெளியிலும் இதே மரபணு வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து குட்டையான வடிவங்களைத் தருகிறது. விழித்திரையில் டி.பி.260, மூளையில் டி.பி.140, டி.பி.71. சில சிறுவர்களுக்குப் படிப்பில் ஏற்படும் தடுமாற்றம் இதனால் வருவது, சோம்பலால் அன்று. ஆசிரியர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.


இளம்பரிதி எழுதியது:

அப்படியானால், குட்டையான டிஸ்ட்ரோபினே போதும் என்று இயற்கை காட்டிவிட்ட பிறகு, அதை ஊசியில் கொடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிட வேண்டுமே? அது ஏன் இன்னும் நடக்கவில்லை?


புரதவலை எழுதியது:

முயற்சி இரண்டு வழிகளில் நடக்கிறது. முதலாவது, எக்ஸானைத் தாண்ட வைப்பது. 50-ஆம் எக்ஸான் இல்லாத சிறுவனின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 51-ஆம் எக்ஸானில் 233 எழுத்துகள். 109-உம் 233-உம் சேர்ந்து 342, மூன்றால் மீதியின்றி வகுபடும். 51-ஐயும் சேர்த்து மறைத்துவிட்டால் எழுத்து வரிசை சீராகி, டுஷேன் பெக்கராக மென்மையடைய வேண்டும். இந்த அடிப்படையில் எடெப்லிர்சென் என்ற மருந்து 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னர் 53-ஆம், 45-ஆம் எக்ஸான்களுக்கான மருந்துகளும் வந்தன. கணக்கு அழகானது, ஆனால் மருந்து தசையிழைக்குள் சேரும் அளவு மிகக் குறைவு. எடெப்லிர்சென் பெற்ற நோயாளிகளின் தசையில் காணப்பட்ட டிஸ்ட்ரோபின் சராசரியாக இயல்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மேலும், 51-ஐத் தாண்டுவது ஏறத்தாழ 13 விழுக்காடு நோயாளிகளுக்கே பொருந்தும்.

இரண்டாவது, மரபணுவையே கொடுப்பது. ஏ.ஏ.வி. என்ற வைரஸின் கூட்டில் ஏறத்தாழ 4700 எழுத்துகளுக்குமேல் அடைக்க முடியாது. நமக்குத் தேவையோ 11,000. அதனால் கொக்கிகளையும் சில மடிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிய நுண்டிஸ்ட்ரோபினை வடிவமைத்தார்கள். இது 61 வயதுக்காரரிடம் இருந்ததைவிடவும் மிகக் குட்டையானது. 2023-இல் இவ்வகை மருந்து ஒன்று அமெரிக்காவில் நான்கு, ஐந்து வயதுச் சிறுவர்களுக்கு ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், இயக்கத் திறனை அளக்கும் முதன்மை அளவுகோலில் எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. 2025-இல், நடக்க இயலாத நிலையில் இருந்த இரண்டு பதின்வயதினர் அந்த மருந்துக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். தண்டின் எந்தப் பகுதியை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது என்ற உங்கள் முதல் கேள்வி, இளம்பரிதி, இங்கே உயிர் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது. இந்த மருந்துகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல கோடி ரூபாய் திரட்டினால் பிள்ளை எழுந்து நடந்துவிடுவான் என்று நம்பவைக்கப்படும் பெற்றோருக்கு இந்த விவரம் முழுமையாகத் தெரிய வேண்டும்.

இன்று உறுதியாகப் பலன் தருவது ஸ்டீராய்டு மருந்துகளே. பிரெட்னிசோலோன் அல்லது டெஃப்லசாகார்ட் நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்கிறது. அதோடு இதயத்துக்கான மருந்தும், தேவைப்படும் காலத்தில் இரவில் மூச்சுக்கு உதவும் கருவியும் சேர்ந்து, பதின்வயதோடு முடிந்துவிடும் என்றிருந்த வாழ்வை முப்பது வயதுக்கு அருகிலும் அதற்கு அப்பாலும் கொண்டுசென்றிருக்கின்றன.


பொருநை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. மாமாவிடம் படித்துக் காட்டினேன். அக்காவுக்கு இந்த வாரமே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறோம். இன்னும் ஒரே ஒரு கேள்வி. பையனுக்குக் குதிகால் நாண் இறுகியிருப்பதால் சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கலாமா?


நுண்ணோக்கி எழுதியது:

கொடுக்கலாம், ஆனால் மயக்கவியல் மருத்துவருக்கு டுஷேன் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தசையைத் தளர்த்தப் பயன்படும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை இந்தச் சிறுவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. வலுவிழந்த சவ்வின் வழியே பொட்டாசியம் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கொட்டி, இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. மூச்சில் இழுக்கும் மயக்க வாயுக்களையும் தவிர்த்து, சிரை வழி இரத்தத்தில் செலுத்தும் மருந்துகளையே பயன்படுத்துவார்கள். அறுவைக்கு முன் எக்கோ என்ற இதயப் பரிசோதனையும் நுரையீரல் திறன் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்தக்கூடாது. அன்றைக்குக் கூடுதல் அளவு தேவைப்படும், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் பெயர், அழிந்த எக்ஸான் எண்கள், கூடாத மருந்துகள், உண்டுவரும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அவனுடைய பள்ளிப் பையிலும் அக்காவின் கைப்பையிலும் ஒவ்வொரு படி வைத்துவிடுங்கள். விழுந்து எலும்பு முறிந்து, அறிமுகமில்லாத மருத்துவமனைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் நேரத்தில் அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.